முருங்கன் என்று எழுதிய பெட்டி

1

அன்று ஆஸ்பத்திரியில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், இன்றைக்கு என் மனுஷன் தன் லைசென்ஸைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கலாம். இரண்டாம் தரம் வலிப்பு வந்து இன்றோடு ஒரு வருடம். ஒரு வருடம் முழுக்க வலிப்பு வராமல் இருந்தால் மறுபடி கார் ஓட்டலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். இடையில் ஒன்று வந்தால், வந்த நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும்.

லண்டனில் பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது, கார் இல்லாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று ஊரில் இருக்கிறவர்கள் நினைக்கலாம். மற்றவர்களுக்குச் சரி. இவர், என் கணவர் அன்ரன், டிரைவர். தலைமன்னாரிலிருந்து வவுனியாவுக்குத் தனியார் பஸ் ஓட்டினார். இங்கே வந்து முதலில் மினிகாப், வாடகைக் கார். பிறகு கவுன்சிலின் சின்ன பஸ்ஸில், நடக்க ஏலாத பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிற வேலை. அந்த மனுஷன் கையில் ஸ்டியரிங் இல்லாமல் இருந்து நான் கண்டது கலியாணத்தன்றைக்கு மட்டும்தான்.

முதல் வலிப்பு வீட்டுக் குசினியில் வந்தது. டொக்டர்கள் தலையைப் படம் பிடித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டாவது, பெட்ரோல் செட்டில் வரிசையில் நிற்கும்போது வந்தது. அதுவும் அந்தச் சின்ன பஸ்ஸுக்குள். முதல் பிள்ளையை ஏற்றப் போகும் வழி. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வந்திருந்தால் பின்னால் சக்கரநாற்காலியோடு பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அதை நான் நினைக்காத நாள் இல்லை. அவர் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

அந்தக் கிழமையே லைசென்ஸை உறையில் போட்டு அனுப்பினார். ரோஸ் நிற அட்டை. என்னிடமும் ஒன்று இருக்கிறது, அது பச்சை. பச்சை என்றால் இன்னும் ஓட்டப் பழகுகிறவர் என்று அர்த்தம். நான் ஒன்றும் பழகவில்லை. தபால் கந்தோரில் பார்சல் எடுக்க அடையாள அட்டை கேட்கிறார்கள் என்று மகள் எடுத்துத் தந்தது அது. இந்த நாட்டில் எங்கள் பெண்கள் எத்தனை பேர் அந்தப் பச்சை அட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, புருஷன் ஓட்டுகிற காரில் ஏறி இறங்குகிறார்கள் என்று எண்ணினால் நாங்கள் இருக்கிற குட்மேய்ஸ் முழுக்க வரும்.

2

வேலை போனபின் இவர் முன்னறையில் இருந்து ரோட்டைப் பார்த்தார். வீட்டு முன்னால் எங்கள் கார் நின்றது. இருபது வருடத்துக்குக் கிட்ட எங்களோடு கிடந்த ஜெர்மன் கார். ஷரோனை, எங்கள் ஒரே மகளை, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கொண்டுபோனது அதுதான். இப்போது அவள் பிரிஸ்டலில் வேலை. போனில் சொன்னாள், அப்பா அதை வித்துவிடுங்கள், நிற்க நிற்க மதிப்பு இறங்கும் என்று. ஆங்கிலத்தில்தான் சொன்னாள். அப்பா என்ற சொல் மட்டும் தமிழ்.

இவர் சொன்ன பதில் எனக்கு நல்ல ஞாபகம்.

"நான் ஓடாத காரை வேறை ஒருத்தனும் ஓட வேண்டாம்."

சொல்லிவிட்டு அடுத்த கிழமை ஒரு லொறியில் வடக்கேயிருந்து இரும்புச் சட்டம் ஒன்றை இறக்குவித்தார். கூடவே பெட்டி பெட்டியாகத் தகடுகள். பழைய காரொன்றைப் பிரித்து, அதன் எஞ்சின், கியர்பொக்ஸ், சில்லுகள், பிரேக் எல்லாவற்றையும் இந்தச் சட்டத்தில் பூட்டினால், கூரையில்லாத இரண்டு ஆசனக் கார் ஒன்று வருமாம். டெப்போவில் இவரோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் அப்படி ஒன்று செய்து இவரை ஏற்றி ஓடிக் காட்டியிருக்கிறார். பிரிபடுகிற காரை இங்கே டோனர் என்பார்கள். ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் கொடுக்கிற ஆளையும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நான் கத்தினேன். கத்தி என்ன பயன்? அடுத்த நாள் காலை கார் சில்லு கழன்று ஜக்கில் நின்றது.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். கழற்றின நட்டை அதன் போல்டிலேயே திருப்பிப் பூட்டி வைப்பார். கறள் பிடித்து இறுகினதுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறப் போடுவார். என்னுடைய ஐஸ்கிறீம் டப்பாக்கள் எல்லாம் கராஜுக்குப் போயின. ஒருநாள் கத்தரிக்காய்க் கறி என்று நினைத்து நான் பிரிட்ஜிலிருந்து எடுத்துத் திறந்த டப்பாவுக்குள் கிரீசில் குளித்த சில்லு பெயரிங் இருந்தது. குளிரில் வைத்தால் சுருங்கும், பூட்டச் சுகம் என்று விளக்கம் வேறு.

பின் ஆசனத்தைத் தூக்கியபோது அடியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடப் பென்சில், அறுந்த செபமாலை மணிகள், மகள் முதல் நன்மை எடுத்த அன்று கோயிலில் போட்ட வெள்ளைக் கையுறையில் ஒன்று. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "அது என்னுடையதா?" என்று எழுதினாள். ஒரு சிரிக்கிற முகமும் போட்டிருந்தாள்.

கழற்றினதையெல்லாம் மட்டைப் பெட்டிகளில் போட்டு மண்ணிறப் பட்டியால் ஒட்டினார். எது எந்தப் பெட்டி என்று எழுதவேண்டுமே. ஆங்கிலத்தில் எழுதினால் இவருக்கே பிறகு விளங்காது. முன்பக்கம், பின்பக்கம் என்று எழுதினால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். அதனால் இவர் தன் பஸ் ரூட்டையே எழுதினார். காரின் மூக்கு தலைமன்னார். அதற்கு மேலே கடல்தான், ஒன்றும் இல்லை. ரேடியேற்றர் பேசாலை. எஞ்சின் மன்னார் பட்டினம். கியர்பொக்ஸ் தள்ளாடி, ஏனென்றால் தள்ளாடி ஆமிக் காம்பில் கியர் குறைக்காமல் போன டிரைவர் கிடையாது. ஸ்டியரிங் உயிலங்குளம். டிரைவர் இருக்கிற இடம், அதாவது கால்மிதிகளும் ஆசனம் முன்பின் ஓடுகிற தண்டவாளமும், முருங்கன். கைபிரேக் மடு. பின் அச்சு செட்டிகுளம். பின்விளக்கும் பெட்ரோல் தாங்கியும் வவுனியா.

முருங்கன் என் ஊர். அங்கே நின்றுதான் நான் அந்தக் காலத்தில் இவருடைய பஸ்ஸில் ஏறுவேன், டிரைவருக்குப் பின் ஆசனத்தில் இருப்பேன். அதை நினைத்துத்தான் அந்தப் பெயரை அங்கே வைத்தாரா, இல்லை வரிசையில் அது தானாக வந்து விழுந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லுகிற ஆள் இல்லை.

இதற்கிடையில் வீட்டு வாசலில் எலும்புக்கூடு நிற்கிறது என்று யாரோ கவுன்சிலுக்கு எழுதிப் போட, ஒரு பெண் வந்து பார்த்துவிட்டுப் போனாள். கடைசியில் வெறுங்கூட்டைப் பழைய இரும்புக்காரன் வந்து இழுத்துப்போனான். காரின் பத்திரத்தை மட்டும் இவர் பெட்டகத்தில் வைத்தார். முக்கியமான பாகங்கள் இன்ன காரிலிருந்து வந்தவை என்று காட்டினால்தான் புது வண்டிக்கு ஒழுங்கான நம்பர் கொடுப்பார்கள். காட்ட முடியாவிட்டால் கியூ என்று தொடங்குகிற நம்பர், எங்கிருந்து வந்தது என்று தெரியாத வண்டி என்று அர்த்தம். எங்கிருந்து வந்தோம் என்று காட்டச் சொல்லி எங்களையும் ஒரு காலத்தில் எத்தனை கந்தோருக்கு அலைக்கழித்தார்கள். இவருக்கு அந்த விதியைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது.

எனக்கும் கோபம் குறைந்திருந்தது. உண்மையைச் சொன்னால், வருடம் முடிய இவர் லைசென்ஸும் வரும், காரும் வரும், ஒருநாள் வெயிலில் இரண்டு பேருமாகக் கடற்கரைப் பக்கம் போகலாம் என்று நானும் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

3

ஒரு பின்னேரம் தேத்தண்ணி கொண்டுபோனேன். கராஜில் சின்ன முக்காலியில் இருந்து, பெட்டியில் செட்டிகுளம் என்று எழுதிக்கொண்டிருந்தார். "செட்டி" வரை எழுதினவர் நின்றார். பேனை கையில். கண் திறந்தபடி. "தேத்தண்ணி" என்றேன். பதில் இல்லை. மற்றக் கை மடியில் கிடந்த எண்ணெய்த் துணியைப் பிய்த்துப் பிய்த்துக்கொண்டிருந்தது. வாய் எதையோ மெல்லுவதுபோல அசைந்தது. நான் கோப்பையோடு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, கோப்பை சுட்டு, விரல் சிவந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. திடீரென்று "குளம்" என்று எழுதி முடித்துவிட்டு, "எங்கை தேத்தண்ணி?" என்று கேட்டார்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. நடந்தது அவருக்கு நடக்கவே இல்லை. ஆனால் முதல் கிளினிக்கிலேயே டொக்டர் எனக்கு இதைத்தான் விளக்கியிருந்தார். விழுந்து கைகால் அடித்தால்தான் வலிப்பு என்றில்லை, இப்படி வெறித்துக்கொண்டு நிற்பதும் வலிப்புத்தான், அதுவும் கணக்கில் வரும் என்று. இவருக்கு ஆங்கிலம் ஓரளவு போகும் என்றாலும் ஆஸ்பத்திரி ஆங்கிலம் போகாது. நான்தான் எப்போதும் கூட இருந்து கேட்பேன். அதனால் அந்தக் கதை தெரிந்த ஆள் வீட்டில் நான் ஒருத்திதான்.

சில கிழமைகள் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். மருந்துக்கடையில் எனக்கு வேலை. வலிப்பு மாத்திரைகளைப் பைகளில் போட்டுக் கொடுக்கும்போதெல்லாம் கை நின்று நின்று போனது. மகளிடம் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமென்றால் அது என் பாவமும் இல்லை. இவர் கராஜுக்குள் விசிலடித்துக்கொண்டு இருந்தார். வருடம் முடிய இன்னும் சில மாதம்தான். அந்தச் சில மாதத்துக்கு நான் பேசாமல் இருந்தால் போதும்.

கிளினிக் நாள் வந்தது. டொக்டர் ஒரு இளம் பெண், அமைதியானவர். பிறகு ஏதும் வந்ததா என்று இவரிடம் கேட்டார். இல்லை என்றார் இவர். பொய் சொல்லவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். டொக்டர் எழுதிவிட்டு என் பக்கம் திரும்பி, நீங்கள் ஏதும் கண்டீர்களா என்று கேட்டார்.

எனக்கு அந்தச் சின்ன பஸ் கண்ணில் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

ஓம், கராஜில் ஒருக்கால் கண்டேன் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், துணியைப் பிய்த்ததும் வாய் மென்றதும்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ரிக்கெட் எடுக்காமல் ஏறின ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். டொக்டர் மாத்திரையைக் கூட்டினார். கராஜில் வந்த நாளிலிருந்து மறுபடி ஒரு வருடம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அதை இவருக்குத் தமிழில் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கீழ்த்தட்டில், இவர் மேல்தட்டில். குட்மேய்ஸில் இறங்கி எனக்கு முன்னால் நடந்தார். டொக்டர் திரும்பக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். ஆனால் அந்த நடையைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வந்தது லேசான காரியமில்லை.

4

அன்றைக்குத்தான் இன்னொரு கூத்தும் நடந்தது.

என் தங்கச்சி ஜெசிக்கு முருங்கனுக்குக் கப்பலில் அனுப்ப மூன்று பெட்டி கட்டிக் கராஜில் வைத்திருந்தேன். சோப்பு, மாப்பெட்டி, பால்மா, பிள்ளைகளுக்குச் சப்பாத்து, வழமையான சாமான். கார்கோக்காரர் அன்று காலை வந்து எடுப்பதாக இருந்தது. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருப்போம் என்பதால், முன்வீட்டு மணியம் அங்கிளிடம் கராஜ் திறப்பைக் கொடுத்து, வந்தால் பூட்டைத் திறந்து பெட்டிகளை எடுத்துக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தேன். மணியம் அங்கிள் மலேசியாவில் கிள்ளான்காரர். படிக்க வந்து, கணக்காளராக வேலை செய்து, ஓய்வெடுத்து, இப்போது தெருவில் யாருக்கு என்ன உதவி தேவை என்று பார்த்துக்கொண்டு இருக்கிறவர். எந்தப் பெட்டிகள் என்று நான் சொல்லவில்லை. கார் பாகத்தைக் கப்பலில் அனுப்புவார்களா என்ன, பார்த்தால் தெரியாதா என்று நினைத்தேன்.

நாங்கள் வந்தபோது அங்கிள் வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் முழுக்க வியர்வையும் சந்தோஷமும். எல்லாம் ஏற்றியாகிவிட்டது, வந்த பையன் ஒருத்தன்தான், தானும் சேர்ந்து தூக்கினாராம். எங்கள் ஊருக்கு இவ்வளவு சாமான் அனுப்புகிறோமே என்று பாராட்டு வேறு.

இவர் கராஜ் கதவைத் தூக்கினார். இரும்புச் சட்டம் நின்றது. எஞ்சின் தன் தாங்கியில் நின்றது, அதைத் தூக்க ஏலாததால் மன்னார் மட்டும் தப்பியது. மற்றபடி சுவர் தெரிந்தது. பெட்டி அடுக்கத் தொடங்கினபிறகு அந்தச் சுவரை நான் கண்டதில்லை.

"எல்லாத்துலயும் ஊர் பேருதானே போட்டிருக்கு," என்றார் அங்கிள், குரல் இறங்கி. "பட்டியும் ஒரே பட்டி. அதான் எல்லாத்தையும் ஏத்திட்டேன் லா."

அவரைக் குறை சொல்ல ஏலாது. எங்கள் சனத்தின் வீடுகளில் மண்ணிறப் பட்டி ஒட்டி, கறுப்பு மையில் ஊர்ப்பெயர் எழுதின பெட்டி என்றால் அது கப்பலுக்குத்தான். யார் வந்து பார்த்தாலும் ஏற்றித்தான் விட்டிருப்பார்கள்.

இவர் முக்காலியில் இருந்தார். காலையில் அந்தச் செய்தி, இப்போது இது. இந்த அதிர்ச்சியில் இன்னொன்று வந்தால் கணக்கு இன்னும் தள்ளிப்போகும், விழுந்தால் எஞ்சின் தாங்கியில்தான் தலை அடிபடும். மெல்லக் குனிந்து, காலடியில் கிடந்த ஸ்பானர்களை எடுத்து ஒதுக்கினேன்.

கண்டுவிட்டார்.

"இப்ப வராது. தள்ளி நில்லும்."

ஆஸ்பத்திரிக்குப் பிறகு எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பிறகு அங்கிளைப் பார்த்து, "முருங்கனும் போயிட்டுதோ?" என்று கேட்டார். அங்கிள் தலையை ஆட்டினார்.

5

அங்கிளின் காரில் ரெய்ன்ஹாம் பக்கம் இருந்த கார்கோ களஞ்சியத்துக்குப் போனோம். இவர் முன் ஆசனத்தில், நான் பின்னால். வழி முழுக்க அங்கிள் மன்னிப்புக் கேட்டபடி வந்தார். இவர் அவருக்கு எங்கே லேன் மாற வேண்டும் என்று மட்டும் சொன்னார். லைசென்ஸைத்தான் வாங்கினார்கள், வாயை வாங்கவில்லையே.

களஞ்சியத்தில் இருந்த யாழ்ப்பாணத்துத் தம்பி எங்களைக் கண்டதும் தலையில் கைவைத்தான். அவனும் அவதிப்பட்டிருக்கிறான். பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தான்.

"ஆளின்ரை பேர் இல்லை, போன் நம்பர் இல்லை, ஊர் மட்டும் இருக்கு. வவுனியாவிலை ஆருக்கெண்டு அண்ணை குடுக்கிறது?"

இவர் பெட்டிகளைப் பார்த்தார். எனக்கு இப்போதும் அந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. ஒவ்வொன்றாகத் தொட்டு, தலைமன்னார், பேசாலை, தள்ளாடி, உயிலங்குளம் என்று வாசித்தார். கொண்டக்டர் இறங்குகிற ஆட்களைக் கூப்பிடுகிற அதே இழுவை. களஞ்சியத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த இன்னொரு மனுஷன் தூரத்தில் நின்று, தானும் மன்னார்ப் பக்கம், அடம்பன் ஆள் என்று சொல்லிச் சிரித்தான். உயிலங்குளத்துக்குப் பிறகு இவர் கை அந்தரத்தில் நின்றது. அடுத்ததாக இருந்தது மடு.

முருங்கன் இல்லை.

தம்பி விளக்கினான். என் மூன்று பெட்டியிலும் ஜெசியின் பெயரும் முருங்கனும் எழுதியிருந்தது. நாலாவதிலும் முருங்கன் என்று இருக்க, அதுவும் அந்த வீட்டுக்குத்தான் என்று சேர்த்துக் கட்டி ஏற்றிவிட்டார்கள். கொண்டெய்னர் மத்தியானம் சீல் வைத்துப் போய்விட்டது. சுங்கத்தின் சீல், இனி கொழும்பில்தான் உடைக்கலாம்.

நான் அந்தத் தம்பியோடு வாதாடத் தொடங்கினேன். இவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"போகட்டும்," என்றார். "நம்பருக்கு அது தேவையில்லை. கால்மிதிதானே. இனி மிதிக்கவும் ஆளில்லை."

தம்பிக்கு விளங்கவில்லை. அங்கிளுக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் வெளியே போய், லொறிகள் நிற்கிற இடத்தில் நின்று அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து மடுவையும் பேசாலையையும் தூக்கிக் கொடுத்தேன், யாராவது தூக்கத்தானே வேண்டும்.

6

அதன்பிறகு கராஜ் பூட்டிக் கிடந்தது. பெட்டிகள் படிக்கட்டுக்குக் கீழே இருந்தன. வீட்டில் கதை இல்லாமல் இல்லை. சோறு போடவா, மருந்து குடித்தாச்சா, பூசைக்கு வாறீங்களா, எல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஓம் அல்லது இல்லை. விசில் மட்டும் இல்லை. வீட்டில் விசில் இல்லாததை அவ்வளவு சத்தமாகக் கேட்கலாம் என்று எனக்கு முன்பு தெரியாது.

மகளிடம் சொன்னேன். நீங்கள் செய்தது சரி அம்மா என்று ஆங்கிலத்தில் சொன்னாள், சரியான நல்ல ஆங்கிலத்தில், அவளுடைய வேலையிடத்தில் ஆட்களுக்குச் சொல்வதுபோல. அப்பாவைக் கூப்பிட்டு, அந்தச் சட்டத்தையும் பாகங்களையும் இணையத்தில் போட்டால் யாராவது வாங்குவார்கள் என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. இவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உன்ரை கையுறை ஒண்டு இஞ்சை கிடக்கு, வரேக்கை எடுத்துக்கொண்டு போ" என்றார். எப்போது வருவாள் என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

கப்பல் போய்ச் சேர நாளெடுத்தது. ஒரு ஞாயிறு பின்னேரம் ஜெசி வீடியோவில் வந்தாள். சப்பாத்து அளவாம், பால்மா நல்லதாம். பிறகு போனைத் திருப்பிக் காட்டினாள். முற்றத்தில் கடதாசி விரித்து மூன்று கால்மிதிகளும் இரண்டு தண்டவாளமும் வரிசையாக வைத்திருந்தார்கள். சுற்றிவரப் பக்கத்து வீட்டுச் சனம்.

"அக்கா, மற்றதெல்லாம் சரி. இந்த இரும்பு ஆருக்கு? என்ரை இவர் நேற்று முழுக்க யோசிச்சவர். கோயிலுக்கோ எண்டு பங்குச் சுவாமியிட்டையும் கேட்டாச்சு."

எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால் இவர். எப்போது வந்து நின்றார் என்று தெரியாது. தோள் குலுங்கியது. வலிப்பு என்று நினைத்துப் பிடிக்கக் கையை நீட்டினேன். பிறகு பார்த்தால் மனுஷன் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். போனை வாங்கி, என்ன நடந்தது என்று ஜெசிக்குச் சொல்ல வெளிக்கிட்டு, இடையில் மூச்சு முட்டி, மறுபடி சிரித்தார். ஜெசியின் புருஷன் எட்டிப் பார்த்து, அந்தத் தண்டவாளம் கோழிக்கூட்டுக் கதவுக்கு நல்லாக ஓடும், போடவா என்று கேட்டான்.

"போடு, போடு. நல்ல ஜெர்மன் சாமான். கோழி செத்தாலும் கதவு ஓடும்."

போனை வைத்தபின் சிரிப்பு மெல்ல அடங்கியது. என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நின்றேன். தேத்தண்ணி இருக்கா என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன். அடுத்த நாள் காலை தலைமன்னாரும் பேசாலையும் படிக்கட்டுக்குக் கீழே இல்லை.

7

இன்றைக்கு என்ன நாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். எழும்பியதிலிருந்து இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. எனக்கு இன்று விடுமுறை. பாணும் சம்பலும் வைத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கராஜுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"இஞ்சேரும், ஒருக்கால் வாரும்."

போனேன். சட்டம் இப்போது நாலு சில்லில் நிற்கிறது. எஞ்சின் உள்ளே போய்விட்டது. பின்னால் வவுனியா வரை எல்லாம் பூட்டியாகிவிட்டது. நடுவில் மட்டும் வெற்றிடம். அதில் இரண்டு ஆசனங்களை வெறுமனே வைத்திருந்தார். புதுக் கால்மிதிகள் மூன்று, இன்னும் பூட்டாமல், ஒரு பலகையில் இருந்தன.

"இதிலை இரும்."

ஸ்டியரிங் இருக்கிற பக்க ஆசனத்தைக் காட்டினார். நான் மற்றப் பக்கம் போனேன், பழக்க தோஷம். "அதிலை இல்லை, இதிலை" என்றார். கதவு கிடையாது. சட்டத்துக்கு மேலால் காலைத் தூக்கிப் போட்டு, சீலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு மாதிரி இறங்கி இருந்தேன். நிலம் அவ்வளவு கிட்ட.

அவர் முன்னால் முழங்காலில் இருந்தார். பலகையை என் காலடியில் வைத்தார்.

"இடது காலை நீட்டும். அமத்தும்."

அமத்தினேன். எட்டவில்லை. நான் கட்டை, அது ஊருக்கே தெரியும். பலகையைக் கிட்டக் கொண்டுவந்தார். மறுபடி அமத்தினேன். இன்னும் கொஞ்சம் கிட்ட. என் குதிக்காலைக் கையால் பிடித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சரியான இடத்தில் வைத்தார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் என் காலை இந்த மனுஷன் பிடித்தது நோவு வந்த நாட்களில்தான். வெண்கட்டியால் சட்டத்தில் கோடு போட்டார்.

ஆசனத்தை நகர்த்தத் தண்டவாளமும் இல்லை, இந்தக் கால்மிதி ஒருக்கால் பூட்டினால் பூட்டினதுதான், ஆளுக்கு ஆள் மாற்ற ஏலாது என்று இவரே முன்பு எனக்குச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் நான் கேட்டேன்.

"இதிலை துளை போட்டா உங்களுக்கு முழங்கால் இடிக்குமே?"

கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"நான் மற்றப் பக்கம்தானே இருக்கப் போறன்."

அவர் துளைபோடுகிற மெஷினை எடுத்து, கம்பியைப் பூட்டி, வயரை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, பால் முடிஞ்சுதா என்று கேட்கிற குரலில், "உம்மடை அந்தப் பச்சை அட்டை, திகதி முடிஞ்சுதோ பாரும்" என்றார்.

கோட்டுக்கு மேலேயே என் கால் இருந்தது. எடும், துளை போடவேணும் என்றார். இரண்டாம் தரம் சொன்னபிறகுதான் எடுத்தேன்.